வசனத்தை ஏன் குறைக்கணும்?

பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் சிலர் வார இறுதியில் கூத்து பழகும் கூடம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மாடியில் இதைவிட மலிவாக இடம் கிடைத்ததாம். சக்கர நாற்காலி ஏறாது என்று வாத்தியார் தரைத்தளத்தையே பிடித்துவிட்டார். செய்யாறு பக்கத்துக்காரர், பரம்பரையாகக் கூத்தாடும் குடும்பம்.

நான் போனபோது, காது கேளாத மாணவி ஒருத்தி நீண்ட மரப்பலகையின் ஒரு முனையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். மறுமுனையில் மிருதங்கத்தைப் பலகையோடு அணைத்து வைத்திருந்தார்கள். தட்டத் தட்ட அதிர்வு பலகை வழியே உள்ளங்காலுக்கு வருகிறது. சிமெண்டுத் தரையில் இது நடக்காது, அதிர்வைத் தரையே விழுங்கிவிடும். அடவு பிசகவில்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் மூலையில் இல்லை, வசனம் பேசுபவரின் தோளோரமாகவே நின்றார். தள்ளி நின்றால் அவள் யாரைப் பார்ப்பாள், நடிகரையா, அவரையா?

துரியோதனன் வேஷம் பார்வையற்ற மாணவருக்கு. ஆடுகளத்தின் ஓரமெங்கும் சணல் கயிறு ஒட்டியிருக்கிறது; எல்லை எங்கே என்று பாதம் சொல்லிவிடும். எதிரில் ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சலங்கை சொல்லும். இதற்காக யாரும் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கூத்தில் சலங்கை என்றைக்கும் இருப்பதுதானே! கூத்துக்கு உயர்ந்த மேடையும் வேண்டாம், படியும் வேண்டாம், மண்தரை போதும். நகரத்து நாடக அரங்குகள்தான் இந்த வசதிகளைத் தொலைத்துவிட்டன என்று எனக்குப் படுகிறது.

கட்டியங்காரனாக வரும் மாணவருக்குப் பெருமூளை வாதம். பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வரியையும் அவர் முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை எடுத்துப் பாடுகிறார்கள், கேட்பவர்களுக்கு எதுவும் தவறுவதில்லை. வசனத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன். வாத்தியார் சிரித்தார். “ஏன் சார் குறைக்கணும்? விடிய விடிய ஆடற ஆட்டம் இது. யாருக்கு அவசரம்?”

மாற்றுத்திறனாளி மாணவரை மரமாகவோ தூணாகவோ நிறுத்திவைத்துக் கைதட்டும் பள்ளி ஆண்டு விழாக்களைப் பார்த்துச் சலித்த எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

உலகத்தில் இது புதிதல்ல. லண்டனில் 1980-இல் அமிசி நடனக் குழுவைத் தொடங்கிய வுல்ஃப்காங் ஸ்டாங்கே இலங்கைக்கும் வந்து பயிற்சி தந்தார். அங்கே 2000-இல் உருவான சுனேரா அறக்கட்டளை மாற்றுத்திறனாளி இளைஞர்களை மேடை ஏற்றிவருகிறது. நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதன் 29-ஆம் பிரிவு, அவர்கள் பங்கேற்கும்படி கலைப் பாடங்களையே மாற்றியமைப்பதை அரசின் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. முதலாவதைப் பலரும் அறிவார்கள், இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆலோசனைக்கு வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. இதே மாவட்டத்தில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் உருவாக்குகிறது.

கல்லூரியில் நாடகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மதிப்பெண் பட்டியலில் ‘பார்வைத் தொடர்பு’, ‘தெளிவான உச்சரிப்பு’ என்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் துரியோதனனும் கட்டியங்காரனும் நடிக்கத் தொடங்குவதற்கு முன்பே மதிப்பெண் இழக்கிறார்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அவற்றை மாற்றி எழுதுங்கள்.