ஆட்டுத்தோலும் ஆவாரம்பட்டையும்

பண்ணைப்புரம் என்றதும் இளையராஜா ஞாபகம்தான் வரும். அதே தேனிப் பக்கத்துப் புன்செய்க் காட்டோரங்களில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரஞ்செடி யாருக்கும் ஞாபகம் வராது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது மட்டும் தேடுவோம். ஆனால் அதன் பட்டையை நம்பி ஒரு தொழிலே இருந்தது. தோல் பதனிடுதல்.

வீட்டிலேயே ஒரு ஆட்டுத்தோலைப் பதனிட முடியுமா? முடியும். உரித்த சில மணி நேரத்துக்குள் கல் உப்பைத் தாராளமாகத் தேய்க்க வேண்டும் (தாராளம் என்றால் தோல் எடையில் பாதி!). இல்லாவிட்டால் அழுகிவிடும். பிறகு கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட வேண்டும். கையுறை கட்டாயம், சுண்ணாம்புக்கு ஆட்டுத்தோல், மனுசத்தோல் வித்தியாசம் தெரியாது. முடி தளர்ந்ததும் மழுங்கிய கத்தியால் வழித்துவிட்டு, பின்பக்கச் சதையையும் சுரண்டி, சுண்ணாம்பு போகக் கழுவ வேண்டும். கடைசியாகத் தவிட்டுத் தண்ணீரில் ஒரு ஊறல்.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இழுத்துக் கட்டிக் காயவைத்தால் மேளத்துக்கு ஆகும். அது பதனிடாத தோல், காய்ந்தால் விறைக்கும், ஈரம் பட்டால் தொய்யும். பறையைத் தீயில் காட்டுவது அதனால்தான். செருப்புக்கு என்றால் ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாறு வேண்டும். முதலில் இளஞ்சாறு, போகப் போகக் கெட்டியாக. எடுத்ததுமே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பக்கம் இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக்கோடு தெரியக் கூடாது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு புங்க எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்தினால் முடிந்தது.

ஆலைகளில் குரோமிய உப்பு வந்ததும் வாரக்கணக்கு ஒரு நாளாகச் சுருங்கியது. கழிவைப் பாலாறு வாங்கிக்கொண்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது.

சரி, வெளிநாட்டில் வார விடுமுறைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்களே, நம் ஊரில் ஏன் யாரும் ஆசைப்பட்டுப் பழகுவதில்லை? நாற்றம் என்பார்கள். அது பாதிதான் உண்மை. செத்த மாட்டைத் தூக்குவதும் உரிப்பதும் சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டு, அதைச் செய்ததற்காகவே அவர்களுக்குத் தீட்டுப் பட்டமும் கொடுக்கப்பட்டது. அவர்கள் தைத்த தோல் வால் வழியாகத்தான் கமலைத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனது. அந்தத் தண்ணீருக்கு மட்டும் தீட்டு இல்லை! செருப்பைத் தைத்தவர் ஊர்த்தெருவில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பழைய கதை என்று சொல்லவும் முடியாது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி அடித்தார்கள். அதற்குப் பிறகு சுரேந்திரநகரில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். இனி நாங்கள் தூக்க மாட்டோம் என்றார்கள்.