பெயர் மட்டும் போதும்

திருநெல்வேலிச் சீமையில் ஒருவரிடம் பெயரைக் கேட்டால் விசாரணை அதோடு நிற்பதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று தாமிரபரணி போல ஓடிக்கொண்டே இருக்கும். குடியை விட நினைப்பவனை வாய் திறக்க விடாமல் செய்வது இந்த விசாரணைதான். 'இன்னார் மகனா இப்படி?' என்று ஊர் கேட்குமே!

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போன பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். மீண்டும் சபலம் தட்டியபோது, தம்மைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிகாரரைத் தேடினார். டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார். இருவரும் பேசிய பேச்சில் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. இன்று தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, குலம் கோத்திரம் கேட்பதில்லை. குடியை விடும் ஆசை ஒன்றே தகுதி.

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுக்கடைகளை மூடினார். கடையை மூடச் சட்டத்தால் முடியும். இரவில் கை நடுங்க விழித்திருப்பவன் பக்கத்தில் வந்து உட்கார, அந்த நடுக்கத்தை அறிந்த இன்னொருவன் அல்லவா வேண்டும்?