உம்மாவின் சூட்கேசும் அலாஸ்காக் கடலும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு மாதமாகக் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் "சேர், அலாஸ்காவுக்காமே?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆம், உண்மைதான். நானும் உம்மாவும் போகிறோம். காசு என்னுடையது இல்லை. ஆசிரியர் சம்பளத்தில் கண்டிக்குப் போய் வரவே நான் கணக்குப் பார்க்கிற ஆள். வன்கூவரில் இருக்கும் ராத்தாவும் மச்சானும் இரண்டு வருடமாகச் சேமித்து ஒழுங்கு செய்த பயணம் இது. "அந்தக் காசுக்கு உம்றா போயிருக்கலாமே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இருந்த காலத்திலேயே இருவரும் உம்றா செய்துவிட்டார்கள்.

ஏன் கப்பல் என்று நானும் ராத்தாவிடம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா நான் ஷிப்டுக்குப் போவேன், மச்சான் லொறி ஓட்டப் போவார், உம்மா ஜன்னலப் பாத்துக்கிட்டு இரிப்பா. கப்பல்ல ஏறினா ஏழு நாளும் நான் எங்க போற?" என்றார். வாப்பாவின் மையித்துக்கு அவரால் வந்து சேர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் கதைப்பதில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்குள் அதுவும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நம்மூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் தம்பி உம்மாவின் கையில்தான் இருந்தான். ஆறு வயது. அதற்குப் பிறகு உம்மா கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மருதமுனையில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேல் கடலைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். முடியும். பிரதான வீதிக்குக் கிழக்கே போகாமல் இருந்தால் போதும்.

ஆகவே ராத்தா கப்பல் என்றதும் உம்மா சொன்ன முதல் சொல் "ஏலா" என்பதுதான். இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, "அந்தக் கப்பல்ல அவ ஏழு நாளும் எனக்கிட்டத்தானா இரிப்பா?" என்று கேட்டார். நான் ஆம் என்றேன். அவ்வளவுதான் சம்மதம்.

இனிப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் விடயங்கள். முதலாவது விசா. கப்பல் புறப்படுவதும் திரும்புவதும் கனடாவின் வன்கூவர் துறைமுகத்தில். ஆனால் அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம். 1867இல் ரஷ்யாவிடம் 72 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதனால் நம் கடவுச்சீட்டுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். கப்பல் திரும்பக் கனடாவுக்குள் வருவதால் கனடா விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றில்லாமல் பலமுறை நுழையக்கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரச ஊழியர்கள் வெளிநாட்டு விடுமுறை அனுமதிக்கு நேரத்தோடு எழுதிப் போடுங்கள். என் கோப்பு மேசைகளைத் தாண்டி வந்த கதை தனிப் பதிவுக்குரியது.

காலம். அலாஸ்காவுக்குக் கப்பல் ஓடுவது சித்திரைக் கடைசியில் இருந்து ஐப்பசி வரைதான். எனக்கு ஆகஸ்ட் விடுமுறையை விட்டால் வழியில்லை. மே, ஜூனை விட ஆகஸ்டில் மழை கூட. ஆனால் ஆற்றில் சமன் மீன் ஏறும் காலமும் அதுதான். கெச்சிக்கன் என்ற சின்ன ஊரின் நடுவே ஓடும் ஓடையில் மீன்கள் நீரோட்டத்துக்கு எதிராகத் துள்ளி ஏறுமாம். மீன் இருக்கும் ஆறுகளுக்குக் கரடியும் கழுகும் வரும். முதுகு வளைந்த திமிங்கிலங்களும் அப்போது அங்கேதான் இருக்கும். கோடை முழுவதும் அலாஸ்காவில் தின்று கொழுத்துவிட்டு, குளிர்காலத்தில் ஹவாய்க் கடலுக்கு நீந்திப் போய்க் குட்டி போடும். அங்கே இருக்கும் வரை அநேகமாகப் பட்டினி. இதைச் சொன்னபோது உம்மா, "பெத்தவளும் பட்டினியா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

உடுப்பு. கெச்சிக்கனில் வருடத்துக்குச் சுமார் 3,800 மில்லிமீற்றர் மழை. எங்கள் கரையோரத்தில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகஸ்டில் பகல் வெப்பம் 15 பாகை மட்டில் இருந்தாலும் பனியாற்றுக்குக் கிட்டக் கப்பலின் மேல்தட்டில் நின்றால் காற்று எலும்புக்குள் போகும் என்கிறார் ராத்தா. ஒரு தடித்த கோட்டை விட மெல்லிய மூன்று உடுப்புகள் மேல். உள்ளே உடம்போடு ஒட்டிய தேர்மல், நடுவில் பிளீஸ், வெளியே தண்ணீர் புகாத மழை ஜாக்கெட். வெயில் வந்தால் ஒன்றொன்றாகக் கழற்றலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரை உடம்போடு வைத்துக்கொள்ளும். நெசவு ஊர்க்காரன் இதை எழுதுவதற்கு மன்னியுங்கள். பிளீஸ் இரண்டும் புறக்கோட்டையில் வாங்கினோம். உம்மாவின் முந்தானை காற்றில் நிற்காது என்று என் மனைவி கம்பளித் தொப்பியை முந்தானைக்கு மேலே போட்டுக் காட்டினாள். கண்ணாடியில் பார்த்து உம்மா சிரித்தார். வாப்பா மௌத்தான பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

உம்மா தானாக அடுக்கிய சூட்கேசை நான் திறந்தபோது உள்ளே இருந்தவை: ஸ்திரிக்கைப் பெட்டி, ஒரு போத்தல் சீனிச் சம்பல், பாரைக் கருவாடு, ராத்தாவுக்கு இரண்டு கைத்தறிச் சாரி, மச்சானுக்கு மூன்று சாரம். ஸ்திரிக்கைப் பெட்டி கப்பலில் தடை, தீப்பிடிக்கும் என்று. வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் எங்கள் கப்பலில் ஏற்ற முடியாது. சம்பலுக்காக நடந்த வாக்குவாதத்தில் நான் தோற்றேன். அது ராத்தா வீடு வரை வரும், கப்பலில் ஏறாது. சாப்பாட்டுக்கு ஹலால் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே ராத்தா எழுதிக் கொடுத்துவிட்டார். கிடைக்காத வேளைக்கு மீனும் மரக்கறியும் இருக்கிறது.

பிரஷர் மாத்திரையும் சீனி மாத்திரையும் கைப்பையில். கப்பலில் ஏறும்போது பெரிய சூட்கேஸ்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகலாம்.

தொழுகை. இது எனக்கே புதுப் பாடம். நமக்கு கிப்லா மேற்குப் பக்கம். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் அது கிட்டத்தட்ட நேர் வடக்கு! வகுப்பறை உலக உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மக்காவுக்கும் ஜூனோவுக்கும் இடையில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வட துருவத்துக்கு அருகால் போனது. மக்கா இருப்பதற்கு ஏறக்குறைய உலகத்தின் மறுபக்கத்தில் அந்த ஊர் இருப்பதால் வரும் வேலை. கப்பலின் திசையை அறைத் தொலைக்காட்சியில் பார்க்கலாமாம். இரவு எட்டரை தாண்டித்தான் மஃரிப். அந்தி வெளிச்சம் மறைய நள்ளிரவும் தாண்டும். நாம் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள், பயணிகள்; மஃரிபோடு இஷாவைச் சேர்த்துத் தொழ இடமிருக்கிறது.

பைனாகுலர் வாங்குபவர்கள் கவனியுங்கள். பெரிதாகக் காட்டுவது நல்லது என்று நினைத்து 12 மடங்கு வாங்காதீர்கள். அசையும் கப்பலில் கையின் நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும். எட்டு மடங்கு போதும். மிருகம் இருக்கும் திசையைக் கப்பலில் மணிக்கூடு போலச் சொல்வார்கள்: முன்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று, பின்பக்கம் ஆறு. சாப்பாட்டு மேசையைக் கப்பலாக்கி உம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். "ரெண்டு மணிப் பக்கம் உப்பு" என்று என் மகள் சத்தமிட, உம்மா எடுத்துக் கொடுப்பார்.

கப்பல் புறப்படும் முன் ஆபத்து ஒத்திகை கட்டாயம். ஏழு குறுகிய சைரன், ஒரு நீண்ட சைரன். முன்னறிவிப்பில்லாமல் அந்தச் சத்தம் உம்மாவின் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளைகள் ஒரு வாரமாக வீட்டில் அதை ஊதி ஊதி, இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கும் மனப்பாடம்.

அந்த ஒத்திகையின்போதுதான் உம்மா கேட்டார். "அங்கயும் கடல் பொங்கியிருக்கா மகன்?"

கல்வியியற் கல்லூரியில் புவியியல் படித்தவன் நான். 1964இல் அலாஸ்காவில் 9.2 அளவில் பூமி அதிர்ந்து சுனாமி எழுந்தது தெரியும். 1958 ஜூலை 9 அன்று லிட்டுயா என்ற ஒடுங்கிய விரிகுடாவில் மலைச்சரிவு கடலுக்குள் விழுந்து, எதிர் மலையில் 524 மீற்றர் உயரம் வரை மரங்களைத் தண்ணீர் வழித்துக்கொண்டு போனதும் தெரியும். நாங்கள் போகும் பனியாற்று விரிகுடாத் தேசியப் பூங்காவின் வெளிக்கரையில்தான் லிட்டுயா இருக்கிறது. எங்கள் கப்பல் அதற்குள் நுழையாது. ஒரு நிமிடம், இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் பயணம் இலேசாக இருந்திருக்கும். ஆனால் ஒரு நாள் அவருக்குத் தெரியவரும். அன்றைக்கு என்னை மட்டுமல்ல, அந்தக் கடலையும் நம்பமாட்டார்.

சொன்னேன். எல்லாவற்றையும். பெரும்பாலான வழி தீவுகளுக்கு உள்ளே அமைதியான நீர், திறந்த கடல் சில மணி நேரம்தான் என்றும் சொன்னேன். ஆழக்கடலில் சுனாமி கப்பலுக்கு அடியால் தெரியாமலே போய்விடும், ஒடுங்கிய விரிகுடாவில் அப்படி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. லிட்டுயாவில் அன்று ஒரு மீன்பிடிப் படகில் தகப்பனும் சின்ன மகனும் இருந்தார்கள் என்றேன்.

"அந்தப் புள்ள?"

"தப்பிட்டான் உம்மா. ரெண்டு பேரும். படகு அலைக்கு மேலால ஏறி இறங்கிட்டு."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அல்லாஹ்ட காவல்" என்றார். அது அந்தப் பிள்ளைக்கா, தனக்கா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பனியாற்று விரிகுடாவைப் பற்றிப் பிறகு அவரே கேட்டார். 1794இல் ஜோர்ஜ் வன்கூவர் அந்தப் பக்கம் வந்தபோது அங்கே விரிகுடாவே இல்லை, ஒரே பனிச்சுவர். இன்று அந்தச் சுவர் சுமார் நூறு கிலோமீற்றர் பின்வாங்கிவிட்டது. கப்பல் அவ்வளவு தூரம் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் விடுவதில்லை. அதற்கு முன்பு அங்கே வாழ்ந்த டிலிங்கிட் மக்களைப் பனியாறு முன்னேறி வந்து ஊரை விட்டுத் துரத்தியது. அவர்கள் வேறு கரையில் குடியேறினாலும் அதுதான் தங்கள் ஊர் என்று சொல்வதை விடவில்லை. 2016இல் அங்கே தங்கள் குலத்துக்கான வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். "எத்தின வருசம் கழிச்சி?" என்றார் உம்மா. இருநூறுக்கு மேல் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கடலுக்குக் கூட்டிட்டுப் போ. கப்பல்ல ஏறி முதல்ல பாக்கிறத விட இங்க பாத்திட்டுப் போறன்."

மோட்டார் சைக்கிளில் போனோம். மணலில் இறங்கவில்லை. வீதி முடிகிற இடத்தில், வலை காயப்போட்டிருந்த பக்கமாக நின்றார். என் சாரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். அழவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. பிறகு என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கேட்டு வாங்கினார். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடித் திறந்து, மெல்லச் சுற்றிப் பார்த்து,

"ஒரு மணிப் பக்கம் தோணி ஒண்டு வருகுது" என்றார்.

சனிக்கிழமை இரவு கட்டுநாயக்கா. சூட்கேஸ் இன்னும் 23 கிலோவுக்கு மேலே இரண்டு கிலோ நிற்கிறது. சாரத்தில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால் உம்மா கேட்பதாக இல்லை. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.