மீண்டும் வந்த விளம்பரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இராசிபுரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தோம். உள்பக்கமொன்றில், சிறு கட்டத்துள், நமக்கு நன்கு பழகிய வரிகள் கிடந்தன. நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்த அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்று, தமிழ் உதவிப் பேராசிரியர், ஓர் இடம். ஐந்து திங்களுக்கு முன் இதே விளம்பரத்தைக் கண்டுதான் விண்ணப்பித்திருந்தோம். நேர்காணலுக்கும் சென்று வந்தோம். அதன்பின் அக்கல்லூரியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இப்போது அதே இடத்திற்கு மீண்டும் ஆள் வேண்டுமாம்! கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

அந்நாளில் நாம் வேறொரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் பணியாற்றி வந்தோம். கோடை விடுமுறை வந்தால் ஊதியமும் விடுமுறையில் போய்விடும். அதனால் இந்த நேர்காணலைப் பெரிதாக நம்பியிருந்தோம். வீட்டிலும் சொல்லி வைத்திருந்தோம். மாலைதோறும் அம்மா, “கடுதாசி வந்துச்சா கண்ணு?” என்று கேட்பார். மூன்றாம் திங்களில் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அவர் கேட்டதைக் காட்டிலும் கேளாமல் விட்டதே நம்மைச் சுட்டது.

விடை வராத காலத்தில் மனம் தானே ஒரு விடையை எழுதிக்கொள்கிறது. நாமும் எழுதிக்கொண்டோம்: “நீ தகுதியற்றவன், அதைச் சொல்லவும் அவர்கள் கூசுகிறார்கள்.” மறு விளம்பரம் அவ்விடைக்கு முத்திரை குத்தியது போலாயிற்று. நம்மைக் கண்ட பின்னும் ஆள் தேடுகிறார்கள் என்றால், நம்மை எடுப்பதைவிட இடம் காலியாகக் கிடப்பதே மேல் என்று கருதினார்கள் என்பதுதானே பொருள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நேர்காணலில் ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நாம் நடத்தியது புறநானூற்றின் 206ஆம் பாடல். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயில் காவலனை நோக்கிச் சினந்து பாடியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்திற்குள் இருந்த ஊர். கற்றவர்க்கு எத்திசை சென்றாலும் சோறு உண்டு என்னும் அப்பாடலின் பெருமிதத்தை அங்கே உரக்க விளக்கிவிட்டு வந்தோம். ஐந்து திங்கள் கழித்து அப்பெருமிதம் நமக்கே தேவைப்பட்டது. “இனி அவ்வாயிலை மிதிப்பதில்லை” என்று நாளிதழை மடித்து வைத்தோம்.

ஆயினும் மனம் அடங்கவில்லை. மூவரிடம் கேட்டோம்.

உடன் பணியாற்றிய நண்பர், “ஆளை முன்பே முடிவு செய்திருப்பார்கள். விளம்பரம் வெறும் கண்துடைப்பு. மீண்டும் போய் அவமானப்படாதீர்கள்” என்றார். அவர் சொன்னது நம் சினத்திற்கு இனிமையாக இருந்தது. இனிமையாக இருந்ததனாலேயே ஐயமும் எழுந்தது.

தங்கை கணவர் நாமக்கல்லில் ஒரு லாரி வைத்து ஓட்டுபவர். அவர் சிரித்துவிட்டார். “ஏனுங்க மச்சான், இன்னிக்கு லோடு இல்லைன்னு சொன்ன புக்கிங் ஆபீசுக்கு நாளைக்குப் போகாம இருந்தா, வண்டிக்கு யாருங்க டியூ கட்டுவாங்க? இல்லைன்னு சொன்னது லோடைத்தானுங்க, நம்மளை இல்லீங்களே” என்றார். வண்டிக்கும் வாத்தியாருக்கும் ஒப்புமை கூறலாமா என்று முதலில் மனம் சுளித்தோம். இரவு படுத்தபோது அவருடைய கடைசிச் சொற்களே காதில் நின்றன.

மூன்றாமவர் நமக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் அறிவுரை கூறவில்லை. ஒரு கேள்வி கேட்டார். “அன்றைக்கு உங்கள் எதிரே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?” மூவர் இருந்தனர், நான்காவது நாற்காலி காலியாகக் கிடந்தது என்றோம். “வல்லுநர் ஒருவர் வராமல் இருந்திருக்கலாம். குழு நிறைவாக இல்லையென்றால் அந்தத் தெரிவு செல்லாது. அதை எண்ணிப் பார்த்தீர்களா?” என்றார். நாம் எண்ணியது நம் குறையை மட்டுமே.

பிறகு அவர் விரித்துரைத்தார். ஒரு பணியிடம் மறுபடி விளம்பரம் ஆவதற்குக் காரணங்கள் பல. தெரிவானவர் வேறு வேலை கிடைத்துச் சேராமல் போகலாம். 200 புள்ளி இனச்சுழற்சியில் எந்த முறை என்பதில் பிழை நேர்ந்திருக்கலாம். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதல் நின்றுபோயிருக்கலாம். வழக்கு வந்திருக்கலாம். உள்ளாள் ஒருவருக்காக நடக்கும் நாடகமாகவும் இருக்கலாம். அதை இல்லையென்று அவரும் சொல்லவில்லை. “இத்தனையில் எது என்று நமக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இரத்தல் ஆகாது” என்று முடித்தார்.

அவர் கூறியதன் உண்மையை அரசுப் பணி அறிவிக்கைகளிலும் காணலாம். அரசுப் பல்தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பரில் நடத்திய தேர்வு, மதிப்பெண் முறைகேட்டினால் 2018 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. நேர்மையாக எழுதியவரும் அதில் அடங்குவர். 2019 நவம்பரில் மறு அறிவிக்கை வந்தது. தேர்வு நடந்ததோ 2021 டிசம்பரில். அரசு கலை அறிவியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அன்று எழுத்துத் தேர்வு இல்லை. அனுபவமும் கல்வித் தகுதியும் நேர்காணலுமே அளவுகோல். அத்தெரிவு நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று எழுத்துத் தேர்வோடு அறிவித்தார்கள், அதுவும் தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிக்கை வந்தது. அனுபவத்தை நம்பி 2019இல் காத்திருந்தவர், தம் மாணவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து தேர்வெழுதும் நிலைக்கு வந்தார். இதில் எவருடைய தகுதி குறைந்தது? எவருடையதும் இல்லை. மாறியது முறை. ஆகவே மறு விளம்பரத்தைப் பழைய கடிதத்தின் தொடர்ச்சியாகக் கருதாமல், புதிய கடிதமாக வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அன்றிரவு கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதற்படியில் சினம் இருந்தது, கிழித்தோம். இரண்டாம் படியில் கெஞ்சல் இருந்தது, அதையும் கிழித்தோம். மூன்றாம் படியில் இரண்டே செய்திகள் நின்றன: இன்ன நாளில் நேர்காணலில் கலந்துகொண்டோம் என்பது ஒன்று, முன்னைய விண்ணப்பம் கருதப்படுமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்னும் வினா மற்றொன்று. விரைவு அஞ்சலில் சேர்த்துவிட்டு வீடு திரும்பினோம்.

பதினோராம் நாள் விடை வந்தது. தெரிவுக் குழுவின் அமைப்பில் நேர்ந்த குறையால் முன்னைய நேர்காணல் விலக்கப்பட்டது. எவரும் தெரிவு செய்யப்படவில்லை. கலந்துகொண்டோர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். நாற்காலி காலியாக இருந்ததைக் கண்ணால் கண்டும், குற்றத்தை ஐந்து திங்கள் நம் தலையில் ஏற்றிக்கொண்டு திரிந்தோம்!

மீண்டும் விண்ணப்பித்தோம். இம்முறை நான்கு நாற்காலியிலும் ஆள் இருந்தனர். பாடம் நடத்தச் சொன்னபோது அதே ஔவையார், அதே அதியமான்மீது பாடிய 101ஆம் பாடலை எடுத்துக்கொண்டோம். பரிசில் காலம் தாழ்ந்தாலும் தவறாது என்று யானையின் கொம்புகளிடையே இருக்கும் கவளத்தைக் காட்டித் தேற்றும் பாடல் அது. சினந்தவரும் அவரே, பொறுத்தவரும் அவரே. வாயிலில் நின்று கேட்டதனால் அவருடைய பெருமை குன்றவில்லை.

வேலை நமக்குக் கிடைக்கவில்லை. நம்மினும் பல ஆண்டு அனுபவம் மிக்க ஒருவர் தெரிவானார், அது முறையே. ஆனால் மூன்று வாரத்தில், தெரிவாகவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினோம். “இல்லைன்னாலும் சொல்லிப்போட்டாங்கல்ல, விடு கண்ணு” என்றார். அன்று இரவு நன்றாக உறங்கினோம்.

மாணவச் செல்வங்களே, அழைப்பு மீண்டும் வந்தால் ஒரு முறை கேளுங்கள். தகுதி, வயது, முறை ஆகியவை மாறியுள்ளனவா என்று பாருங்கள். கேட்டும் விடை வராத வாயிலை விட்டுவிடலாம். கேளாமலே விடுவது பெருமிதமன்று, அச்சம். நமக்குள் இருந்தது அச்சமே என்பதை இன்று ஒளிக்காமல் சொல்கிறோம்.

கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்களிலும் தெரிவுக் குழுக்களிலும் அமரும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையை ஒருவருக்குத்தான் தர இயலும். விடையை அனைவர்க்கும் தரலாம். மேசைமீது கிடக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் பின்னால், கடுதாசி வந்ததா என்று கேட்டுக் கேட்டுப் பின் கேளாமலே இருந்துவிட்ட தாய் ஒருத்தி இருப்பாள். அவளுக்காகவேனும் இரண்டு வரி எழுதியனுப்புங்கள்.