16 ஓம்

எங்கள் சினிமா வட்டம் பயன்படுத்தும் 16 மில்லிமீட்டர் புரொஜக்டரின் ஆம்ப்ளிஃபயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் எரித்துவிட்டேன். இதைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். எழுத்தை அணுகுவதில் பல வருஷங்களாக நான் செய்துவந்த ஒரு தவறு, அந்த யந்திரம் எரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

புரொஜக்டர் அண்ணாச்சியுடையது. எழுபத்தைந்து வயது தாண்டியவர். பிரசார வேனில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, கிராமம் கிராமமாகத் திரை கட்டிப் படம் காட்டியவர். பின்னால் திருநெல்வேலிப் பக்கத்து பிலிம் சொசைட்டிகளுக்கும் ஓட்டியிருக்கிறார். 1959இல் பிலிம் சொசைட்டிகளின் சம்மேளனம் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது, 1964இல் புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டது என்பதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்த விஷயங்கள். அவருக்கோ அது ரயில் பார்சலில் வந்த தகரப் பெட்டிகளின் கனம். என் தலைமுறை ராயையும் பெர்க்மனையும் கம்ப்யூட்டரில் பார்த்தது. படம் என்பது கையில் தூக்கக்கூடிய ஒரு பொருள் என்பது எங்களுக்கு அனுபவமாகவில்லை.

அண்ணாச்சியிடம் கழித்துக் கட்டப்பட்ட ஒரு ரீல் இருக்கிறது. 400 அடி, பதினோரு நிமிஷம் ஓடும். ஓர் அணைக்கட்டைப் பற்றிய செய்திப் படம், தமிழ் வர்ணனையோடு. தலைப்புப் பகுதி கிழிந்துபோய்விட்டதால் யார் எடுத்தது, யார் பேசுகிறார் என்பதற்கு அடையாளம் இல்லை. பிலிமில் காடி வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அசிடேட் அழியத் தொடங்கியதன் குறி அது. இன்னும் எத்தனை தடவை ஓட்டலாம் என்று சொல்ல முடியாது. அதற்குள் எங்கள் வட்டத்துப் பத்துப் பன்னிரண்டு பேரும் பார்த்துவிட வேண்டும், கம்ப்யூட்டரில் பதிவும் செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

புரொஜக்டரோடு வந்த பெரிய ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருந்தது. இருந்தால் என்ன, நம்மிடம் நல்ல மிக்ஸர் இருக்கிறது, மேடை ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கின்றன என்று நான் சொன்னேன். அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தபோது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு ஒயர் கொடுத்தேன். சத்தம் பிய்ந்து வந்தது. மிக்ஸரில் குறைத்தேன், ஹாலுக்குப் போதவில்லை. புரொஜக்டரில் கூட்டினேன். ஒரு நிமிஷத்துக்குள் தீய்ந்த வாடை. அண்ணாச்சி வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, "ஸ்பீக்கரைக் கழட்டிட்டீங்களா தம்பி?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதை டவுனில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் விளக்கினார். வால்வு ஆம்ப்ளிஃபயரின் கடைசிப் படியில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அது ஸ்பீக்கர் என்ற ஒரு சுமையைத் தள்ளுவதற்கென்றே சுற்றப்பட்டது. எங்கள் யந்திரத்தின் முதுகில் 16 ஓம், 15 வாட் என்று எழுதியிருந்தது. மிக்ஸரின் நுழைவாயிலோ பத்தாயிரம் ஓம், அதற்கும் மேல். டிரான்ஸ்பார்மரைப் பொறுத்தவரை எதுவும் மாட்டாதது போலத்தான். தள்ள ஒன்றும் இல்லாமல் சத்தத்தைக் கூட்டினால் அதன் உள்சுற்றில் மின்னழுத்தம் அளவு மீறி ஏறிக் காப்பை உடைத்துவிடும். டிரான்ஸிஸ்டர் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் பொதுவாகச் சுமை இல்லாமல் சும்மா இருக்கும். ஒயர் இரண்டும் ஒட்டினால்தான் அவற்றுக்கு ஆபத்து. வால்வுக்குச் சுமை இல்லாததே ஆபத்து. சத்தம் பிய்ந்து வந்ததற்குக் காரணமும் சாதாரணம். 16 ஓமில் 15 வாட் என்றால் சுமார் 15 வோல்ட். மிக்ஸர் எதிர்பார்ப்பது அரை வோல்ட்டுக்குள்.

டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்றிவர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் பாங்க்கில் லெட்ஜர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஒரு கட்டுரை நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. பத்து வருஷம் முன்பு நான் எழுதியது. மணிக்கொடி காலத்துக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நடை கரகரக்கிறது, உணர்ச்சி அளவுக்கு மேல் ஒலிக்கிறது என்று நிறுவியிருந்தேன். பி.ஏ. வகுப்பில் கற்ற கருவிகளை நேராக அதில் செருகியிருந்தேன். அது எந்த வாசகனைத் தள்ள எழுதப்பட்டது, அவன் என்ன எதிர்ப்பைக் கொடுத்திருப்பான் என்று நான் கேட்கவே இல்லை. பிய்ந்த சத்தத்தைக் கதையின் குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்து அந்த எழுத்தாளரைத் தொடாமலே விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மரையாவது திரும்பச் சுற்ற முடிந்தது.

இரண்டாம் தடவை மெக்கானிக் சொன்னபடி செய்தோம். 25 வாட் தாங்கும் 8 ஓம் ரெஸிஸ்டர்கள் இரண்டை வரிசையாகச் சேர்த்து, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினோம். இப்போது டிரான்ஸ்பார்மருக்கு அதன் 16 ஓம் கிடைத்துவிட்டது. அந்தச் சுமையின் இரு முனைகளுக்கு இடையே 10 கிலோ ஓம் ஒன்று, 330 ஓம் ஒன்று என வரிசையாக இரண்டு சிறிய ரெஸிஸ்டர்கள். 330இன் மேல் விழுவது முப்பத்தொன்றில் ஒரு பங்கு. 15 வோல்ட் அரை வோல்ட்டாகிவிடும். அதைத்தான் மிக்ஸருக்குக் கொடுத்தோம். கொடுத்ததும் ஒரு ரீங்காரம் கிளம்பியது. புரொஜக்டருக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஒயர் ஒரு வளையமாகிவிட்டிருந்தது. எர்த் பின்னை ஒடித்துவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். "சத்தம் போயிரும், ஆளும் போயிருவான்" என்றார் அண்ணாச்சி. ஒன்றுக்கு ஒன்று சுற்றிய ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்பார்மரை நடுவில் வைத்தோம். ரீங்காரம் நின்றது.

பிறகு வந்ததுதான் உண்மையான தகராறு. மேடை ஸ்பீக்கரில் அந்த வர்ணனைக் குரலின் மேல் மழை மாதிரி ஓர் இரைச்சல். பிலிமின் ஓரத்தில் நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடுதான் சத்தம். ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் மெல்லிய பிளவு வழியாக அதன் மேல் விழுந்து, போட்டோ செல்லில் மின்சாரமாகிறது. தூசிக்கும் கீறலுக்கும் வார்த்தைக்கும் செல் வித்தியாசம் பார்ப்பதில்லை. 16 மில்லிமீட்டரில் 6,000, 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பேச்சில் எதுவும் பதிவாகியிருக்காது. அதற்கு மேல் வருவது பெரும்பாலும் தூசிதான். நான் 6,000க்கு மேல் வெட்டச் சொன்னேன். கவிஞ நண்பர் ஒப்பவில்லை. "இரைச்சலும் படம்தான்வே. அதை எடுத்துட்டா நீரு காட்டுறது வேற" என்றார்.

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழையதைச் சுத்தம் செய்து நம் வசதிக்கு ஆக்கிக்கொள்வதை நாங்கள் இருவருமே எதிர்த்து எழுதியவர்கள். ஆனால் அந்த மழையை ஊர்த் திடலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைய ஸ்பீக்கரின் கனத்த காகிதம் அவ்வளவு மெல்லிய அதிர்வுக்கு அசையாது. கேட்டது கொஞ்சம் இருந்தாலும் புரொஜக்டரின் கடகடப்பில் அமுங்கியிருக்கும். நாம் இப்போது கேட்பதில் பாதி நம் ஸ்பீக்கரின் கூர்மை. அதைப் படத்தின் பழமை என்று சொல்வது, நான் கட்டுரையில் செய்த அதே காரியம். கீழே கேட்கும் டக், டக் என்ற கீறல்களைத் தொட வேண்டாம் என்றேன். அவை அந்தப் பிரதி ஓடித் தேய்ந்த அடையாளம். நண்பர் பாதிதான் சம்மதித்தார். கடைசியில் கம்ப்யூட்டருக்குப் போகும் பதிவில் எதையும் வெட்டுவதில்லை, ஹாலுக்கு மட்டும் வெட்டுவது என்று முடிவாயிற்று. மூலம் முழுசாக இருக்கட்டும், கேட்கும்போது அவரவர் காதுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும் என்பது எங்கள் சமரசம். விமர்சனத்திலும் இதைவிட மேலான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இளைஞர் ஒருவர், இத்தனை ஒயர் எதற்கு, ப்ளூடூத்தில் அனுப்பிவிடலாமே என்றார். பிலிமில் ஒரு படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்காது. 26 கட்டம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். படம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று நகர வேண்டும், சத்தம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் இரண்டுக்கும் ஒரே இடம் சாத்தியமில்லை. விநாடிக்கு 24 கட்டம் ஓடுகையில் அந்த இடைவெளி ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். ஆப்பரேட்டர் லூப்பைச் சரியாக விட்டால்தான் உதடும் சொல்லும் சேரும். அந்தக் கணக்கில் ப்ளூடூத் தன் பங்குக்கு நாலைந்து கட்டம் தாமதத்தைச் சேர்த்துவிடக்கூடும். ஒயரிலேயே விட்டோம்.

அண்ணாச்சி ரீலை மாட்டி, லூப்பை விரலால் அளந்துவிட்டு ஓட்டினார். குரல் வந்தது. அகலமில்லாத, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற குரல். யாரும் பேசவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அண்ணாச்சி படத்தை நிறுத்தினார். நான் பயந்துபோய் ரெஸிஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, ஆனால் அளவான சூடு.

"அதுக்கில்ல தம்பி. சத்தம் பக்கச் சுவத்துலேருந்துல்லா வருது. பேசுறவன் எங்க இருக்கான்?"

ஸ்பீக்கர்கள் இரண்டும் வழக்கம்போல ஹாலின் இரு ஓரத்தில் நின்றிருந்தன. ஒன்றை அணைத்தோம். மற்றதை நானும் கவிஞரும் தூக்கிக்கொண்டுபோய்த் திரைக்குக் கீழே நடுவில் வைத்தோம். ஒயர் இரண்டு முழம் போதாமல் இருந்தது. அண்ணாச்சி தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார்.