பம்பர் கிளிப்பும் அப்பாவின் கண்ணும்

இன்னைக்கு மாத்திரை, மருந்து பத்தி இல்ல. ஒரு பழைய கார் பம்பரைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு தான். உங்க வீட்டில் 40 வயசுக்கு மேல் யாராவது வண்டி ஓட்டினால் கடைசி வரை படிச்சிடுங்க.

எனக்கு வேலை கடலூரில், அரசு மருத்துவமனையில். அப்பா அம்மா இருப்பது சிதம்பரத்தில். அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் ஒரு 1984 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கு. 1992இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயசு தாண்டின வண்டிக்குத் தான் விண்டேஜ் பதிவு. அந்தக் கணக்கில் எங்க பத்மினி இன்னும் சின்னப் பொண்ணு. ஆனா எங்க தெருப் பசங்களுக்கு அது "பழைய படத்துல வர்ற காரு".

வாங்கின புதுசில் குரோம் பம்பர் மேல அப்பா ஒரு கறுப்பு ரப்பர் பீடிங் போட்டார். கம்பெனி போட்டது இல்ல. உள்பக்கம் சின்னச் சின்ன போல்ட்டும் பிளாஸ்டிக் கிளிப்பும் அதைப் பிடிச்சிருக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனா, இடது ஓரத்தில் பீடிங் தொங்குது. "கேட்ல லேசா உரசிட்டுது தம்பி" என்றார் அப்பா. சரி, நாமே மாத்திடலாம்னு உட்கார்ந்தேன்.

பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்காக நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். எங்க ஊர்ப்பக்கம் கடல் காத்து. உப்பும் ஈரமும் சேர்ந்து போல்ட்டை ஒரே துருக்கட்டி ஆக்கிடும். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா தலை ஒடிஞ்சு கையோட வந்துடும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை அடிச்சு ஊற விடணும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, காய்ந்த பிறகு தான் புதுசு போடணும்.

துருப்பிடிக்காதுன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நேராப் போட்டுடாதீங்க. அது துருப்பிடிக்காது, ஆனா உப்பு ஈரம் இருந்தா அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற சாதா இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும். நடுவில் ஒரு நைலான் வாஷர் வேணும். முடுக்கும்போது நடுவில் இருந்து ஆரம்பிச்சு இரண்டு ஓரத்துக்கும் போங்க. இல்லைன்னா பீடிங் நடுவில் உப்பிக்கும்.

அரை நாள் ஆச்சு. பெருமையா இருந்துது. ரெண்டு மாசத்தில் மறுபடியும் அதே ஓரம் தொங்குது. மறுபடியும் மாத்தினேன். "பழைய பிளாஸ்டிக், வெயில்ல நொறுங்கிடுது" என்று நானே காரணமும் சொல்லிக்கிட்டேன்.

மூணாவது முறை கிளிப் வாங்கப் போனப்போ கடைக்கார அண்ணன் கேட்டார்: "டாக்டர் தம்பி, கிளிப்பு எவ்ளோ வேணா தரேன். ஏன் ஒரே பக்கமே போவுது?"

நான் சிரிச்சுக்கிட்டே, "டிரைவர் சீட் வலது பக்கம்ண்ணே. இடது ஓரம் யாருக்குமே சரியாத் தெரியாது" என்றேன். பதில் சரி தான். ஆனா அப்பா அதே வண்டியை அதே கேட்டில் 30 வருஷமா ஓட்டுறார். அப்போ உரசாதது இப்போ ஏன் உரசுது? அதை நான் கேட்டுக்கவே இல்ல.

அடுத்த வாரம் அம்மா போன் பண்ணாங்க. கீழ வீதியில் இடது பக்கம் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பொண்ணு மேல வண்டி உரசிடுச்சு. பொண்ணு கீழ விழுந்து முட்டியில் சிராய்ப்பு. நல்லவேளை, அதோட போச்சு. அப்பா திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்று தான் சொன்னார்: "அந்தப் புள்ள அங்க இல்லவே இல்லடா. திடீர்னு வந்துடுச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

கண் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். போர்டில் கடைசி வரிசை வரை எழுத்தைப் படிச்சார். அடுத்து பார்வைப் பரப்பு சோதனை. நடுவில் இருக்கிற புள்ளியையே பார்த்துக்கிட்டு, சுற்றி எங்க வெளிச்சம் தெரிஞ்சாலும் பட்டனை அழுத்தணும். பாதியில் அப்பா சொன்னார்: "தம்பி, மெஷின் நின்னுபோச்சு போல. லைட்டே வரல."

மெஷின் ஓடிக்கிட்டுத் தான் இருந்துது.

கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய். இரண்டு கண்ணிலும் இருந்தது, இடது கண்ணில் அதிகம்.

இந்த நோயில் பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழியும். பெரும்பாலானவங்களுக்கு வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசி வரை தெளிவா இருக்கும். அதனால பேப்பர் படிப்பாங்க, ஊசியில் நூல் கோப்பாங்க, பக்கத்தில் வர்ற சைக்கிள் தெரியாது. விட்டுப்போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிடும், அதனால அங்க கறுப்பாவும் தெரியாது. அப்பா பொய் சொல்லல. அவர் கண்ணுக்கு அந்தப் பொண்ணு அங்க இல்ல.

இப்போ நான் ஒத்துக்க வேண்டியது ஒன்று இருக்கு. 40 வயசு தாண்டினவங்க லைசென்ஸ் புதுப்பிக்க ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்று வேணும். அப்பாவுக்கு அதில் கையெழுத்துப் போட்டது நான் தான். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன், படிச்சார், போட்டுட்டேன். ஓரப் பார்வையைப் பார்க்கல. நேரா உட்கார வச்சு, ஒரு கண்ணை மூடச் சொல்லி, பக்கவாட்டில் இருந்து விரலை ஆட்டிக்கிட்டே கொண்டு வந்து "எப்போ தெரியுது?"ன்னு கேட்கணும். ரெண்டு நிமிஷ வேலை. எம்.பி.பி.எஸ் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தது. சொந்த அப்பா தானேன்னு விட்டுட்டேன்.

போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காப்பாத்தலாம். அப்பா தினமும் தவறாமப் போடறார். கார் சாவியை நான் கேட்கல. அவரே எடுத்துட்டு வந்து என் கையில் கொடுத்து, "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். அதுக்கு மேல நாங்க பேசிக்கல.

நீங்க செய்ய வேண்டியது:

40 வயசு தாண்டினா கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது மட்டும் போதாது. கண் அழுத்தம், கண் நரம்பு இரண்டையும் கண் மருத்துவர் பார்க்கணும். அழுத்தம் நார்மலா இருந்தும் இந்த நோய் வரலாம், அதனால நரம்பைப் பார்ப்பது முக்கியம். அரசு மருத்துவமனை கண் பிரிவில் இதுக்குக் கட்டணம் இல்ல.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருந்தா உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நானும் பார்த்துக்கிட்டேன். வருஷா வருஷம் பார்க்கணும்.

சர்க்கரை, ஆஸ்துமாவை விட சின்ன விஷயம்னு நினைச்சு ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தை மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போடாதீங்க. அதுவே கண் அழுத்தத்தை ஏத்தும்.

வீட்டுப் பெரியவர் ஒரே பக்கம் அடிக்கடி உரசினாலோ, நிலைப்படியில் இடிச்சிக்கிட்டாலோ, "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. கண்ணைக் காட்டுங்க.

மூணாவது முறை வாங்கின கிளிப்பையும் போட்டாச்சு. இப்போ ஞாயிற்றுக்கிழமையில் நான் தான் ஓட்டறேன், அப்பா பக்கத்து சீட்டில். பீடிங் இன்னும் அப்படியே இருக்கு.