நான்காம் வேற்றுமை

தமிழில் யாரும் 'நான் பசிக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்றுதான் சொல்கிறோம். பசி நான் செய்வதல்ல, எனக்கு நேர்வது. ஆனால் இலையில் உட்கார்ந்ததும் இலக்கணம் மாறிவிடுகிறது. 'வாயைக் கட்டு', 'நாக்கை அடக்கு' என்று பொறுப்பு முழுவதும் ஆளின் தலையில் ஏறுகிறது.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, சிறுவயதிலிருந்தே பருமன். பந்தியில் அவள் இரண்டாம் முறை சோறு கேட்டால் பரிமாறுகிறவர் கை ஒரு கணம் நிற்கும். விரதங்கள் இருந்தாள். எடை இறங்கும், சில மாதங்களில் ஏறிவிடும். இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவளுக்கு மனஉறுதி இல்லை என்றார்கள் வீட்டில்.

1951இல் வெளியான ஆய்வொன்றில், யேல் பல்கலைக்கழகத்தில் பி. கே. ஆனந்தும் ஜான் புரோபெக்கும் எலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் இருபுறமும் ஒரு சிறு இடத்தை அழித்தார்கள். எலிகள் உண்பதையே நிறுத்திவிட்டன; உணவு இருக்கப் பட்டினியில் செத்தன. 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு, பின்னர் லெப்டின் என்று பெயர் பெற்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் ரத்தத்தின் வழியே மூளைக்குக் கையிருப்பைச் சொல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உடம்பின் செலவைச் சுருக்கும். விரதம் இருந்தவர்களின் எடை திரும்பிவர இது ஒரு முக்கியக் காரணம்.

பிறவியிலேயே லெப்டின் இல்லாத 9 வயதுச் சிறுமிக்கு பிரிட்டனில் அதை ஊசியில் கொடுத்தார்கள். 1999இல் செய்தி வெளியாயிற்று. 90 கிலோவுக்கு மேல் இருந்தவள் ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அந்த ஊசியில் மனஉறுதி எதுவும் இல்லை.

இந்தக் குறை மிக அரிது. பருத்த உடல்கள் பெரும்பாலானவற்றில் லெப்டின் ஏராளம். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அக்காவின் விஷயம் என்னவென்று யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை.

சித்தம் என்று ஒன்றில்லை என்று நான் வாதிட வரவில்லை. ஒரு வேளைச் சோற்றை ஒதுக்குவது சித்தத்தால் ஆகும். வருஷக்கணக்கில் ஓயாத பசியோடு மல்லுக்கட்டுவது வேறு. சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறவர்கள் அதைத் தங்கள் ஒழுக்கம் என்று கணக்கெழுதிக்கொள்வதைத்தான் ஒப்ப முடியவில்லை. ஒல்லியான இந்த உடம்பும் நான் சம்பாதித்ததல்ல; எனக்கு நேர்ந்தது.